மூன்றாம் படி உடைந்த ஏணி

ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் சின்னவளும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை மூடியைக்கூடத் திறக்காமல் ஜன்னலில் வைத்திருக்கிறாயா? எனக்குத் தெரியும், ஜன்னலில்தான் இருக்கும்.

இதைப் போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் நீ 'ம்' கொட்டியே தப்பித்துவிடுகிறாய். காகிதத்தில் 'ம்' கொட்ட முடியாது. அதனால்தான் முக்கியமான விஷயம் எதுவானாலும் எனக்குக் கடிதம் வேண்டும்.

உன் அத்தானுக்குக் கண் ஆபரேஷன் பிப்ரவரி 11 என்று முடிவாகிவிட்டது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயேதான். மற்றக் கண் போய் வருஷங்களாகிவிட்டன, மிச்சமிருப்பது இது ஒன்றுதான். பதினாறு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன், எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லி உள்ளே அனுப்பியிருக்கிறேன். இப்போது எனக்கே தைரியம் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. நீ வர வேண்டும். 11, 12 இரண்டு நாளும் என் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆர்டர், மேனேஜர் என்று ஏதாவது சாக்கு எழுதினாயானால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் உறவினர் ஒருவருடைய வேலையைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். மாமா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். சிலிண்டரைத் தட்டுவான் என்றேன். நீயே ஒழுங்காக எழுது.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். முதுகு பரவாயில்லை. தைலம் ஜன்னலில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. அத்தானைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

சின்னவளுக்கு இதைப் படித்துக் காட்டு. எங்கள் கொட்டகையில் சோதனை மேடை இரண்டு. ஒன்றில் நான். எதிரில் இருப்பவரைக் 'கறார்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவர் கழித்துப் போடுகிற சிலிண்டர்கள் அவ்வளவு. ஆக்சிஜன் சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவோம். எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்போம். பழைய இரும்பு இனியும் தாங்குமா என்பது அதில் தெரிந்துவிடும். தாங்கினால், வால்வுக்குக் கீழே வளைகிற தோள்பகுதியில் அன்றைய தேதியை அடித்து, பக்கத்தில் அவரவர் முத்திரையையும் அடிப்போம். முறையாகச் செய்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் இருபதுக்கு மேல் ஓடாது.

முத்திரை என்பது விரல் நீள எஃகுத் துண்டு. முனையில் குறி இருக்கும். கறாருக்கு வளையம். எனக்கு வாய்த்தது நாலு படி வைத்த ஏணி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைக் கீழே போட்டு மூன்றாம் படியின் இடது ஓரத்தை உடைத்துவிட்டேன், மாற்றித் தரவில்லை. அதனால் இங்கே என் பெயரே 'ஏணி'தான். வானத்துக்கு ஏறும்போது மூன்றாம் படியில் பார்த்துக் கால் வை என்று கேலி செய்வார்கள். ஒருவர் முத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது. நான் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன், குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

வருகிறேன் அக்கா. முதலில் லீவு கிடைக்கவில்லை. 12ஆம் தேதிக்குள் நாற்பது சிலிண்டர் போயாக வேண்டும் என்றார் மேனேஜர். அவர் எங்கள் சபையின் மூப்பரும்கூட என்று எழுதியிருக்கிறேனே. தினமும் வேலை துவங்குமுன் எங்களை நிற்க வைத்து ஜெபம் செய்வார். கறார் மட்டும் வர மாட்டார், வெளியே வால்வுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். நேற்று மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தோளில் கைவைத்து ஜெபித்தார். வழி பிறந்துவிட்டது. லீவு எழுதிக்கூடக் கொடுக்க வேண்டாம் என்றுவிட்டார்.

10ஆம் தேதி சாயங்கால ரயிலில் ஏறுகிறேன்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கட்டு அவிழ்த்தாயிற்று. உன் அத்தான் முதலில் பார்த்தது என் முகத்தை. "இவ்வளவு நரைச்சிருக்கா?" என்று கேட்டார். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் கேட்கிற கேள்வியைப் பார். ஆனாலும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். நீ வந்ததற்கு உனக்கும். அந்த இரண்டு நாள் நீ இல்லாமல் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

இப்போது உன் சங்கதிக்கு வருகிறேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் நாலு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். நான் புலம்பிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கண் இருக்கிறது. நீ சட்டைக்குள் கையை விட்டு அந்தக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தாய். வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைப் பிரிக்கவில்லை. நான் ஜெபிக்கிறபோது நீ கண்ணை மூடவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே, நானும் பாதியில் திறந்து பார்த்தேன்.

என்ன விஷயம்? ஏதாவது பெண் விவகாரமா? அப்படியென்றால் சந்தோஷம்தான். அப்படி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் எழுது.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அத்தானும் சின்னவளும் சுகமா? பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். பெண் விவகாரம் ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு தொல்லை. எங்களிடமிருந்து போன சிலிண்டர் ஒன்று, வாயு நிரப்புகிற இடத்தில் தோள்பகுதியில் விரிசல் விட்டுச் சீறியிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஆள் தள்ளிக் குதித்ததால் பிழைத்தார். அதில் பிப்ரவரி 11 என்று தேதியும் என் ஏணியும் இருக்கிறதாம். அன்று நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்கே தெரியும். விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். என்னைக் கேட்டார். "அந்த ரெண்டு நாளும் நான் ஊர்லயே இல்ல சார்" என்று சொன்னேன். மேனேஜரும், ஆமாம், நான்தான் வாய்வார்த்தையாக லீவு கொடுத்தேன் என்றார்.

அந்த இரண்டு நாளும் சோதனை மேடையில் இருந்தது கறார் மட்டும்தான். யாரோ என் முத்திரையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். கறாரை இப்போதைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்காகக் காலை ஜெபத்தில் விண்ணப்பம் செய்கிறோம்.

வேறு விசேஷம் இல்லை. முதுகு மறுபடி வலிக்கிறது.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன் அத்தானுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஜெபத்துக்கு நிற்காமல் வெளியே எண்ணெய் போடுகிறவன் என்று நீ எழுதியபோதே எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. கர்த்தருக்குப் பயப்படாதவன் எதற்குப் பயப்படுவான்? நம் வீட்டுப் பிள்ளை ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவன் குறியைத் திருடி அடிக்கிறான் என்றால் எத்தனை நாள் யோசித்திருப்பான்? நல்லவேளை, நீ என் பக்கத்தில் இருந்தாய். தேவைப்பட்டால் நானே வந்து சாட்சி சொல்கிறேன்.

சாட்சி சொல்வதென்றால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த முத்திரை அவன் கைக்கு எப்படிப் போயிற்று?

இதை மட்டும் தெளிவாக எழுது. அத்தான் உன்னை விசாரித்தார். புதுக் கண்ணால் பேப்பர் முழுவதும் படித்து எங்களுக்குச் செய்தி சொல்லிக் கொல்லுகிறார்.

உன் அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அரம் வைத்து யாரும் போலி முத்திரை செய்யலாம் என்கிறார்கள். எனக்கு அதற்கு மேல் தெரியாது. நீ இதைப் பற்றி யோசிக்க வேண்டாம். மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். கறாரை மே மாதத் துவக்கத்தில் ஒரேயடியாக நீக்கிவிடுவார்களாம்.

நேற்று அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். கையில் மண்ணெண்ணெய்க் கேன் வைத்திருந்தார். என்னைப் பார்த்து நின்றார். நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

சின்னவளுக்கு என் முத்தம்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பி,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. நல்லா இருக்கிறாயா?

உன் கடிதத்தில் பன்னிரண்டு வரி இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரிதான் நிஜமாக எழுதியது, மண்ணெண்ணெய்க் கேன் வரி. மற்றதெல்லாம் காகிதத்தில் கொட்டிய 'ம்'.

வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போனேன். உங்கள் கொட்டகையில் சோதித்தவையும் அங்கே வருகின்றன. வரிசையாக நிற்கிற அந்தச் சிலிண்டர்களை இத்தனை வருஷம் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் தோளைக் குனிந்து பார்த்ததில்லை. அன்று டார்ச் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், வார்டுகளில் நிற்பவற்றையும் சேர்த்து. ஏணி அடித்தவை ஏழு கிடைத்தன. மூன்றில் பிப்ரவரி 11. நான்கில் பிப்ரவரி 12. ஏழிலும் மூன்றாம் படியின் இடது ஓரம் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். போலி செய்கிறவன் உடைசலையும் சேர்த்தா செய்வான்? செய்யலாம் என்றே வைத்துக்கொள்வோம். எனக்குச் சந்தேக புத்தி, எல்லாப் பக்கமும் யோசிப்பேன். ஆனால் நீ அந்தக் கயிற்றைத் திருகியதை நான் பார்த்தேனே. 11ஆம் தேதி ஏணி உன் கழுத்தில்தான் இருந்தது. நீ குளிக்கும்போதும் கழற்றாதவன்.

நாற்பது சிலிண்டர். ஒரு நாளைக்கு இருபது. இரண்டு நாள். இதை நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய், சின்னவள் நோட்டில்கூட இருக்கிறது. சோதிக்காமலே, ஊருக்குப் புறப்படுமுன் அடித்துவிட்டு வந்தாய். அந்த லீவு அப்படித்தான் கிடைத்தது. சரிதானா?

அந்த அதிகாரியிடம் நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நீ ஊரில் இல்லைதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லி ஒரு மனிதனை மாட்டிவிட்டிருக்கிறாய். நானும் உன்னை நம்பி, பார்த்திராத ஒருவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அந்த ஏழு சிலிண்டரில் இரண்டு, குழந்தைகள் வார்டில் இருந்தன. ஒன்று எட்டாம் கட்டிலருகே. அங்கே நாலு மாதக் குழந்தை ஒன்று மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது. ஏழின் எண்களையும் நோட்டில் குறித்துக்கொண்டு, நானே தனியறையில் போட்டுப் பூட்டினேன். தலைமை நர்ஸ் காரணம் கேட்டார். வால்வு கசிகிற மாதிரி தெரிந்தது என்றேன். ஆமாம், நானும் பொய் சொன்னேன். உன் பெயர் என் வாயில் வரவில்லை. சீறியது போக மற்ற முப்பத்திரண்டும் எந்த எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கின்றனவோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வரும் ஞாயிறு வரை பார்ப்பேன். நீ சொல்லிவிட்டாய் என்று தகவல் வராவிட்டால், திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

நீ எனக்காக வந்தாய். நான்தான் வற்புறுத்தினேன். அதை நினைத்து மூன்று நாளாக அழுகிறேன். ஆனால் அழுது முடித்த பிறகும் எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன்.

அக்கா


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறும் போயிற்று, திங்களும் போயிற்று. ஒரு நாள் அதிகம் காத்திருந்தேன். தபால்காரன் கரண்ட் பில்லைத்தான் கொண்டுவந்தான்.

இன்று காலை தலைமை நர்ஸிடம் எழுதிக் கொடுத்தேன். ஏணிக் குறி என் உடன்பிறந்த தம்பியுடையது, அந்த இரண்டு தேதியும் அவன் என்னுடன் இருந்தான், அதனால் இவை சோதிக்கப்படாதவை, என்று மூன்று வரி. வால்வைப் பற்றி முதலில் பொய் சொன்னதையும் எழுதினேன். தலைமை நர்ஸ் இரண்டு முறை படித்துவிட்டு, "தம்பியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எட்டாம் கட்டில் குழந்தையின் அம்மா அப்போது வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

நீ சொல்வாய் என்று நான் நம்பவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நம்பவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே எதிர்ப்பக்கம் போய்விடுகிறவன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

சாப்பிடு. முதுகைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருக்குள் நலம். இந்த முறை இதைப் பழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை கையில் கிடைத்தது. அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போனேன், மேனேஜர் முன்வரிசையில் இருந்தார், அப்போதும் சொல்லவில்லை. அப்பமும் ரசமும் வாங்குகிற பந்திக்குப் போகாமல் பின்பக்கமாக வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நீ கண்டுபிடித்தது எல்லாம் சரி. பிப்ரவரி 10, மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் வெளியே இருந்தார்கள். கறாரிடம் சொன்னால் சோதிக்காமல் ஒன்றைக்கூட அடிக்க மாட்டார் என்று மேனேஜருக்குத் தெரியும். நாற்பதுக்கும் ஒரே தேதி போட்டால் காட்டிக்கொடுக்கும் என்று இருபதுக்கு 11, இருபதுக்கு 12 என்று அவரே எடுத்துக் கொடுத்தார். நான் அந்த இரண்டு நாளும் வேலையில் இருந்ததாகவே இருக்கட்டும், லீவு எழுத வேண்டாம் என்றார். சுத்தியல் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கம்ப்ரஸரை ஓட விட்டார். ஒரு மணிநேரத்தில் நாற்பதையும் அடித்தேன். பிறகு சிலிண்டர் சீறியதும், ஊரில் இல்லை என்பதே வசதி என்று அவர் பேச்சை மாற்றினார். நானும் பிடித்துக்கொண்டேன். உனக்கு எழுதாததற்குக் காரணம், நீ வரச் சொன்னதால்தான் செய்தேன் என்று நீ நினைத்துவிடுவாய் என்பது. நினைக்காதே. நீ வரத்தான் சொன்னாய். அடித்தது என் கை.

இன்று காலை கறார் கணக்கு முடித்துப் போக வந்திருந்தார். எங்கள் இடத்தில் ஒரு ஆள் போகும்போது அவர் முத்திரையைச் சாணைச் சக்கரத்தில் வைத்து மழுங்கடித்துவிடுவார்கள், வேறு யாரும் பயன்படுத்தக் கூடாதென்று. அவர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தார். ஒரு நாளும் ஜெபத்துக்கு நிற்காதவர் இன்றைக்குத்தான் நின்றார், அதுவும் இதற்காக.

மேனேஜர் உருக்கமாக ஜெபித்தார். வழிதவறிய இந்தச் சகோதரனை மன்னியும் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு ஆமென் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது சொன்னேன்.

"அத அடிச்சது நான். ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே அடிச்சேன். ஒண்ணையும் சோதிக்கல."

மேனேஜர் கண்ணைத் திறக்காமலே, "தம்பிக்கு உடம்பு சரியில்ல, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். யாரும் நகரவில்லை. நான் கயிற்றைக் கழற்றி ஏணியைக் கறார் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி மூன்றாம் படியைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"நாப்பதுதானா?"

நாற்பதுதான் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு அதிகாரிக்கும் நானே போன் செய்தேன். எனக்கு வேலை போய்விட்டது. மத்தியானமே ஏணியைச் சாணையில் வைத்து மழுங்கடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கயிற்றில் வெறும் எஃகுத் துண்டு தொங்குகிறது. இரவு ரயிலுக்கு இருந்த காசை அறை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் உடனே வர முடியாது. பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் சாப்பிட்டேன்.

தம்பி


மே 14

என் அன்புத் தம்பிக்கு,

நீ 4ஆம் தேதி எழுதியது எனக்கு 9ஆம் தேதி வந்தது. நான் 5ஆம் தேதி எழுதியது உனக்கும் அப்படித்தான் வந்திருக்கும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. எதிர்ப்பக்கம் போகிறவன் என்று உன்னை எழுதினேனே, அந்தக் கடிதத்தை எரித்துவிடு. எரிக்காவிட்டாலும் சரி. நான் எழுதியது எழுதியதுதான்.

உன் அத்தான் உன் கடிதத்தைத் தானே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி வாசித்தார். "இவன் வந்து கூட இருந்ததுக்கு ஒரு கண்ணு கடன்பட்டேன்னு நெனச்சேன். உண்மையச் சொன்னதுக்கு இப்ப ரெண்டு" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

எங்கள் ஏழையும் லாரி வந்து எடுத்துப் போயிற்று. என்மேல் நடவடிக்கை ஒன்றும் இல்லை, எச்சரிக்கை மட்டும்.

ஆனால் தம்பி, நான் யார் என்று உனக்குத் தெரியும். கறார் கேட்ட கேள்வியை நானும் கேட்கிறேன். ஸ்டோருக்குப் போன வாரம் புதிதாக வந்ததில் எட்டாவதாக ஒரு ஏணி இருக்கிறது. தேதி ஜனவரி 22. அது லாரிக்காரன் பட்டியலில் இல்லை, விட்டுவிட்டுப் போனான். நல்லதாகத்தான் தெரிகிறது. நானோ அதைத் தனியே நகர்த்தி வைத்திருக்கிறேன். இதை நீ சோதித்தாயா? ஒரே வரியில் பதில் எழுது. 'ம்' வேண்டாம்.

பணவிடை அனுப்பியிருக்கிறேன். ரயிலுக்கு.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பணம் கிடைத்தது. கடிதத்தை எரிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

சோதிக்காமல் அடித்தவை நாற்பதுதான். அது உண்மை. ஜனவரி 22 எனக்கு நினைவில்லை. வழக்கமான நாள், வழக்கமான இருபது. சோதித்திருப்பேன். ஆனால் 'சோதித்திருப்பேன்' என்பதை நம்பி ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் அதை வைக்காதே. என் சொல்லையும் என் குறியையும் இப்போது ஒரே தட்டில் வை.

இதை அதிகாரியிடமும் சொன்னேன். ஒரு வருஷத்து ஏணி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கறாருக்குத்தான் அத்தனை வேலையும். அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜரை மாற்றிவிட்டார்கள், சபையில் மட்டும் இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் பின்வரிசைக்குப் போகிறேன். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. போன ஞாயிறு பந்திக்கு எழுந்து போனேன்.

பழைய இரும்புக் கடையில் சுமை ஏற்றுகிற வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் வருகிறேன். தைலத்தின் மூடியைத் திறந்துவிட்டேன்.

தம்பி


ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ வந்து போனதிலிருந்து சின்னவள் அந்த எஃகுத் துண்டைக் கேட்டு அடம் பிடிக்கிறாள். தராதே.

கறாரிடமிருந்து எங்கள் ஸ்டோருக்கு ஒரு காகிதம் வந்தது. நாற்பதில் முப்பத்தெட்டு தாங்கின. சீறியது ஒன்று. இன்னொன்று சோதனையின்போது திரும்பச் சுருங்கவில்லை, கழித்துவிட்டார்களாம். அதன் எண்ணை என் நோட்டில் பார்த்தேன். எட்டாம் கட்டிலருகே நின்றது. இதை உன்னிடம் மறைக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நமக்குள் இனி அது வேண்டாம். உட்கார்ந்து படி, தண்ணீர் குடி. அந்தக் குழந்தை போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டது, போகும்போது என் தொப்பியைப் பிடித்து இழுத்தது.

ஜனவரி 22 சிலிண்டர் நேற்றுத் திரும்பி வந்தது. தோளில் உன் ஏணி அப்படியே இருக்கிறது, அவர் அதை அழிக்கவில்லை. பக்கத்தில் புதுத் தேதியும் ஒரு வளையமும் அடித்திருக்கிறார். அவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். அவரைத் திட்டியதை அவர் கேட்கவில்லைதான், ஆனாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படித் துவங்குவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை.

இப்போது எட்டாம் கட்டிலில் புதிதாக ஒரு குழந்தை. அதற்கு அந்தச் சிலிண்டரைத்தான் வைத்தேன். வைக்குமுன் தோளைத் தடவி, வால்வைத் திறந்து மூடி, காதை வைத்துக் கேட்டேன். பிறகு இன்னொரு முறையும் கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா